கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் பதிப்பாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

எழுத்தாளர் எழுதுகிறார், பதிப்பாளர் அச்சிடுகிறார், வாசகர் வாங்குகிறார் என்று மேடைகளில் நாம் சொல்லிக்கொள்ளும் வரிசை நடைமுறைக்குப் பொருந்தாது என்பதை நம் இரு தரப்பாரும் அறிவோம். எதைப் பற்றி எழுதலாம், அது எத்தனை பக்கம் இருக்கலாம், எந்தத் தலைப்பில், எந்த அட்டையோடு, எந்தப் பருவத்தில் வெளிவரலாம் என்பவற்றில் பெரும்பகுதி உங்கள் அலுவலகங்களில் முடிவாகிறது. முதல் போடுகிறவர் இவற்றில் கருத்துச் சொல்வது முறைதான். அதை எதிர்த்து நான் இந்த மடலை எழுதவில்லை. அந்த முடிவுகளுக்கு அடிப்படையான கணக்கு, அதனால் வளைக்கப்படும் நூலை எழுதியவரின் கண்ணில் ஒருபோதும் படுவதில்லை என்பதே என் புகார்.

எடிட்டரின் பணியை இதோடு சேர்த்துப் பேச மாட்டேன். "இவர் நூற்றுநாற்பதாம் பக்கத்தில் இறந்துவிட்டாரே, இங்கே எப்படிக் கடிதம் எழுதுகிறார்?" என்று மெய்ப்பின் ஓரத்தில் பென்சிலால் கேட்கும் எடிட்டருக்கு எந்த எழுத்தாளரும் கடன்பட்டவரே. அவர் ஓர் அத்தியாயத்தையே நீக்கச் சொன்னாலும் காரணத்தைச் சொல்வார், நாங்கள் மறுத்துப் பேசலாம், சில சமயம் அவரே இறங்கி வருவார். இந்த உரையாடல் முழுவதும் தாளின் மேலேயே நடக்கிறது. நான் பேச வந்தது தாளுக்கு வெளியே, விற்பனைப் பிரிவும் நிதிப் பிரிவும் கூடி உட்காரும் அறையில் நடக்கும் திருத்தத்தைப் பற்றி.

அந்தத் திருத்தம் புதியதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் நாவல் என்றாலே மூன்று தொகுதி என்றொரு நியதி நிலவியது. மூன்றும் சேர்ந்து ஒன்றரை கினி, அதாவது 31 ஷில்லிங் 6 பென்ஸ். பெரும்பாலான வாசகர்களுக்கு எட்டாத விலை. சார்லஸ் எட்வர்ட் மூடி என்பவர் 1842இல் லண்டனில் தொடங்கிய வாடகை நூலகம், ஆண்டுக்கு ஒரு கினி சந்தாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு தொகுதியை எடுத்துச் செல்ல அனுமதித்தது. ஒரு நாவல் மூன்று தொகுதிகளாக இருந்தால், அதே நேரத்தில் மூன்று சந்தாதாரர்களின் வீட்டில் அது இருக்க முடியும் என்பதால் அந்த வடிவம் மூடிக்கு லாபமாக இருந்தது. அவர் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் பதிப்பாளர்களும் அந்த வடிவத்தையும் விலையையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். விளைவு, ஒன்றரைத் தொகுதியில் முடிய வேண்டிய கதைகளுக்குக் கிளைக்கதைகள் ஒட்டப்பட்டன, உரையாடல்கள் இழுக்கப்பட்டன, இரண்டாம் தொகுதி முழுவதும் திருமணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. குடும்பத்தார் படிக்கத் தகாதது என்று மூடி கருதிய நூல்களை அவர் வாங்க மறுத்தார் என்பதால், நீளத்தோடு உள்ளடக்கமும் அவருடைய கொள்முதலுக்குக் கட்டுப்பட்டது. 1894இல் மூடி நூலகமும், வாடகை நூலகம் நடத்திவந்த டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனமும் இனி ஒரு தொகுதிக்கு நான்கு ஷில்லிங்குக்கு மேல் கொடுப்பதில்லை என்று அறிவித்ததும், சில ஆண்டுகளுக்குள் மூன்று தொகுதி நாவல் அநேகமாக மறைந்தே போயிற்று. அரை நூற்றாண்டு காலம் எத்தனையோ விமர்சகர்கள் கேலி செய்தும் அசையாத ஒரு வடிவம், ஒரு கொள்முதல் சுற்றறிக்கையில் விழுந்தது.

ஆனால் அந்தக் காலத்து நாவலாசிரியருக்கு ஒரு வசதி இருந்தது. விதி என்ன என்பது அவருக்குத் தெரியும். மூன்று தொகுதி எழுதினால் விற்கும், இரண்டு எழுதினால் விற்காது, மூடி இன்னின்னவற்றை வாங்க மாட்டார் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. அதற்கு உடன்படலாம், எதிர்த்துத் துண்டறிக்கை போடலாம், சிலர் போடவும் செய்தார்கள். இன்று எங்களுக்கு வருவது, "எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரி.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு கையெழுத்துப்படி எடிட்டருக்குப் பிடித்துவிட்டால், அவர் அதைத் தேர்வுக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்ல ஒரு வரவு செலவுத் தாளைத் தயாரிக்கிறார். அதில் எதிர்பார்க்கும் விற்பனை என்ற கட்டத்தை நிரப்ப, அண்மையில் வெளிவந்த ஒத்த நூல்கள் சிலவற்றின் விற்பனை எண்ணிக்கையை எடுத்துவைக்கிறார். இங்கேதான் முடிச்சு விழுகிறது. முன்னுதாரணம் உள்ள நூலுக்கு ஓர் எண் கிடைக்கிறது. முன்னுதாரணம் இல்லாத நூலுக்குக் கட்டம் காலியாகவே நிற்கிறது, காலிக் கட்டத்துக்கு யாரும் முன்பணம் ஒதுக்குவதில்லை. ஆகவே சென்ற ஆண்டு விற்ற நூலைப் போன்ற நூல் இந்த ஆண்டு வாங்கப்படுகிறது, அது வெளிவந்து அடுத்த ஆண்டுக்கு ஒத்த நூலாகிறது. கடைகளில் ஒரே சாயலில் பத்து அட்டைகள் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, எழுத்தாளர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று எழுதும் மதிப்புரையாளர்கள் இந்தத் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தத் தாளின் மீது உங்களுக்கே எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதும் பொதுவில் பதிவாகியிருக்கிறது. பெங்குயின் ராண்டம் ஹவுஸ் என்ற பெரும் பதிப்பு நிறுவனம், சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற மற்றொரு பெரும் பதிப்பகத்தை 217.5 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2020 நவம்பரில் அறிவித்தது. இந்த இணைப்பைத் தடுக்க அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2022 ஆகஸ்டில் நடந்த விசாரணையின்போது துறையின் உச்சத்தில் இருப்பவர்களே சாட்சிக் கூண்டில் ஏறி, எந்த நூல் விற்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியாது என்ற பொருள்படச் சொன்னார்கள். அவ்வாறென்றால், கணிக்க முடியாத ஒன்றைக் கணித்ததாகக் காட்டும் ஒரு தாளை வைத்து எங்கள் நூலின் முடிவை மாற்றச் சொல்வது எந்த வகையில் நியாயம்? அந்த வழக்கில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வாசகர் கொடுக்கும் விலை உயரும் என்று அரசு வாதிடவில்லை. 2,50,000 டாலரும் அதற்கு மேலும் முன்பணம் பெறும் நூல்களின் சந்தையில் ஏறத்தாழ 49 சதவீதம் ஒரே கையில் சேரும், அதனால் எழுத்தாளர்களின் பேரம் பேசும் வலு குறையும் என்றே வாதிட்டது. நீதிபதி ஃப்ளாரன்ஸ் பேன் 2022 அக்டோபர் 31 அன்று இணைப்பைத் தடுத்தார். வாங்குவோர் குறைந்தால் எழுதுவோர் நசுங்குவர் என்பது நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வாதம் என்பதால், இனி அதை எழுத்தாளர்களின் புலம்பல் என்று ஒதுக்க இயலாது. அந்த வழக்கு பெருந்தொகை பெறும் சிலரைப் பற்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சிய எங்களுக்கு வழக்குத் தொடுக்கும் அளவுக்குக்கூடச் சந்தை மதிப்பு கிடையாது.

வடிவத்தைப் பற்றி ஒரு சொல். அச்சில் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்பதும், கடைசிப் பாரத்தில் மூன்று பக்கம் மட்டும் வழிந்தால் மீதித் தாள் வீணாகும் என்பதும் எங்களுக்குப் புரியாத செய்திகள் அல்ல. மூன்று பக்கத்தைக் குறைத்துத் தாருங்கள் என்று காரணத்தோடு கேட்டால் குறைத்துத் தருவோம். என்னுடைய நாவல் ஒன்றை ஏற்ற பதிப்பகம், முதியவர் ஒருவரின் பார்வையில் சொல்லப்பட்ட கதையை அவருடைய பேத்தியின் பார்வைக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "கதை இன்னும் உயிரோட்டமாக இருக்கும்" என்று பதில் வந்தது. இளைய வாசகர்களுக்கான வரிசை ஒன்றில் அந்தப் பருவத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது என்பதை அங்கிருந்து விலகிய ஊழியர் ஒருவர் பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். காலியிடத்துக்கு நூல் வேண்டும் என்று நேரே சொல்லியிருந்தால் அதற்கேற்ற வேறொரு கதையை யோசித்திருப்பேன், அல்லது மறுத்திருப்பேன். வணிகக் காரணத்துக்கு இலக்கியக் காரணத்தின் சட்டையை மாட்டி அனுப்பும் இந்தப் பழக்கம், பணத்தைவிட அதிகமாக எங்கள் தீர்மானத்தைக் கெடுக்கிறது. எது மெய்யான குறை, எது உங்கள் பட்டியலின் தேவை என்று பிரித்தறிய முடியாமல் போகிறது.

ஒப்பந்தத்தின் சில பிரிவுகளும் இதே வேலையை ஓசையின்றிச் செய்கின்றன. அடுத்த நூலை முதலில் உங்களுக்கே காட்ட வேண்டும் என்ற விருப்புரிமைப் பிரிவும், இந்த நூலின் விற்பனையோடு போட்டியிடக்கூடிய எதையும் வேறெங்கும் வெளியிடக் கூடாது என்ற தடைப் பிரிவும் சேர்ந்தால், ஒரே துறையில் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் ஓர் ஆய்வாளர் தன் துறையைப் பற்றியே எழுத அஞ்ச நேரிடும். முடித்துத் தந்த கையெழுத்துப்படி "பதிப்பாளருக்குத் திருப்தியளிக்கும் வகையில்" இருக்க வேண்டும் என்ற வரி, கையெழுத்துக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் சந்தையின் காற்று திசை மாறினால் முன்பணத்தைத் திரும்பக் கேட்க வழிசெய்கிறது. திருப்திக்கு அளவுகோல் என்ன என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

விற்பனைக்கு வருவோம். விற்காத பிரதிகளைக் கடைகள் திருப்பி அனுப்பி முழுத் தொகையையும் கழித்துக்கொள்ளும் முறை, 1930களின் பெருமந்தக் காலத்தில், கடைக்காரர்கள் புதிய நூல்களை எடுக்கத் தயங்கியபோது அமெரிக்காவில் பரவியது. நெருக்கடி போன பின்னும் முறை நிலைத்துவிட்டது. அதன் சுமை எங்களிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதை விற்பனையில் எழுத்தாளரின் பங்கைக் காட்டும் எந்த ராயல்டி அறிக்கையிலும் பார்க்கலாம். அனுப்பிய பிரதிகள், திரும்பிய பிரதிகள், அவற்றுக்குக் கீழே "திரும்பக்கூடியவற்றுக்காக நிறுத்தி வைத்தது" என்று ஒரு தொகை. அது எந்த விகிதத்தில் நிறுத்தப்பட்டது, எப்போது விடுவிக்கப்படும், முதலில் எத்தனை பிரதி அச்சானது என்பவை பல அறிக்கைகளில் இருப்பதில்லை. இதில் பாதிக்கப்படுவது ராயல்டி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் விளம்பரச் செலவும் அச்சு எண்ணிக்கையும் குறைவாக இருந்ததால் குறைவாக விற்ற நூலின் எண், எழுத்தாளரின் எண்ணாகிவிடுகிறது. அடுத்த நூலுக்குக் கடைகள் அந்த எண்ணைப் பார்த்தே ஆர்டர் போடுகின்றன, ஆர்டரைப் பார்த்து நீங்கள் அச்சு எண்ணிக்கையை மேலும் குறைக்கிறீர்கள். இந்தச் சுழலிலிருந்து தப்பப் புனைபெயரில் புதியவராகப் பிறந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் நூல் எழுதுகிறவருக்குப் பழைய எண் இல்லை என்பதே அவருடைய தகுதியாகிவிடும் விந்தையை வேறெந்தத் தொழிலிலும் நான் கண்டதில்லை.

பிடிக்கவில்லை என்றால் நீங்களே வெளியிட்டுக்கொள்ளலாமே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அங்கேயும் கணக்குதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. அமேசான் நிறுவனம் 2014இல் தொடங்கிய கிண்டில் அன்லிமிட்டெட் என்ற மின்னூல் சந்தாத் திட்டத்தில், சந்தாதாரர் ஒரு நூலின் 10 சதவீதத்தைக் கடந்தாலே எழுதியவருக்கு ஒரு வாசிப்புக்கான தொகை முழுவதும் கிடைத்தது. அதனால் ஒரு கதையைப் பல சிறு நூல்களாக வெட்டி வெளியிடுவது பெருகியது. 2015 ஜூலையிலிருந்து வாசித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்பத் தொகை என்று மாற்றியதும், தடித்த தொகுப்புகள் முளைத்தன. ஆயினும் அங்கே விதி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஓர் இணைய வணிக நிறுவனம் தன் விதியை அறிவிக்க முடிகிறது என்றால், இலக்கியத்தின் காவலர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் பதிப்பகங்களால் ஏன் முடியாது?

நான் கேட்பவை அதிகம் அல்ல. ஒரு கையெழுத்துப்படியை வணிகக் காரணத்துக்காக மறுத்தாலோ மாற்றச் சொன்னாலோ அது வணிகக் காரணம் என்று எழுத்தில் சொல்லுங்கள். எந்த நூல்களோடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பொருந்தாத ஒப்பீட்டை நாங்களே சுட்டிக்காட்ட முடியும். ராயல்டி அறிக்கையில் அச்சு எண்ணிக்கையையும், நிறுத்தி வைத்த தொகையின் விகிதத்தையும், அதை விடுவிக்கும் நாளையும் குறிப்பிடுங்கள். எழுத்தாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் முறையான வருவாய் விவரம் தரப்பட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஆணை விதித்துள்ளது. அதே ஆணை, பயன்படுத்தப்படாமல் கிடக்கும் உரிமையைப் படைப்பாளி திரும்பப் பெறவும் வழிசெய்கிறது.

உரிமை திரும்புவது பற்றிய பிரிவுதான் இவற்றில் அவசரமானது. பதிப்புரிமையின் தொடக்கமாகக் கருதப்படும் 1710ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டமே, 14 ஆண்டுகள் கழிந்தபின் ஆசிரியர் உயிரோடிருந்தால் உரிமை அவரிடமே திரும்பி மேலும் 14 ஆண்டுகள் நீடிக்கும் என்றது. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப் பின் திரும்பப் பெற இடமளிக்கிறது. ஆனால் உங்கள் ஒப்பந்தங்கள் பலவற்றில் "நூல் அச்சில் இல்லாதபோது" உரிமை திரும்பும் என்ற பழைய வாசகமே இன்னும் இருக்கிறது. மின்னூலும் கேட்டால் ஒரு பிரதி அச்சிட்டுத் தரும் முறையும் வந்த பிறகு, எந்த நூலும் அச்சில் இல்லாமல் போவதில்லை. ஆண்டுக்கு இரண்டு பிரதி விற்றாலும் நூல் உங்கள் பட்டியலில் உயிரோடிருப்பதாகவே கொள்ளப்படுகிறது, வேறு பதிப்பகத்தில் அதற்கு மறுவாழ்வு தேட எங்களுக்கு வழியில்லாமல் போகிறது. அந்த வாசகத்தை நீக்கிவிட்டு, தொடர்ந்து இரண்டு அறிக்கைக் காலங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே விற்பனை போனால் உரிமை திரும்பும் என்று எண்ணால் எழுதுங்கள்.

1884இல் தொடங்கிய பிரிட்டனின் எழுத்தாளர் சங்கமும், 1912இல் தொடங்கிய அமெரிக்க எழுத்தாளர் கூட்டமைப்பும் ஒப்பந்தங்களைப் பிரிவு பிரிவாக ஆராய்ந்து உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொல்லி வருகின்றன. அமெரிக்க அமைப்பின் மாதிரி ஒப்பந்தம் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. உங்கள் சங்கங்களின் அடுத்த பொதுக்குழுவில் அதை முன்வைத்து, ஏற்க இயலாத பிரிவுகளின் மேல் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏன் இயலாது என்ற காரணத்தை ஓரத்தில் எழுதி எழுத்தாளர் அமைப்புகளுக்கு அனுப்பிவையுங்கள். பதில் எழுத நாங்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களில் இடம்பெற்றுள்ள எழுத்தாளர் ஒருவர்