நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு: எதை வைத்துப் படிப்பது என்பதில் பிள்ளைகள் ஏமாறக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் கணினி நெட்வொர்க்கிங் சான்றிதழ்கள் குறித்து அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தச் சான்றிதழுக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்றெல்லாம் விளக்கிய அந்தக் கட்டுரை, தேர்வுக்கு எதை வைத்துப் படிப்பது என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் பணத்தையும் காலத்தையும் பறிகொடுப்பது அந்த இடத்தில்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகள், சிறு மருத்துவமனைகள், பள்ளிகள் ஆகியவற்றின் நெட்வொர்க்கைப் பராமரிப்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் தொழில். மாலை வேளைகளில் சத்துவாச்சாரியில் என் வீட்டு முன்னறையில் நாலைந்து பேருக்குக் கட்டணமில்லாமல் சொல்லிக் கொடுத்தும் வருகிறேன்.

சென்ற ஆண்டு குடியாத்தத்திலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். தாயார் பீடி சுற்றுபவர்; தந்தை தறி வேலை செய்பவர். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க்கிங் தேர்வை எழுதித் தோற்றுவிட்டு வந்திருந்தார். அந்தத் தேர்வுக்கான கட்டணம் 300 டாலர்; வரியையும் சேர்த்தால் இன்றைய மாற்று மதிப்பில் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அந்தக் குடும்பத்துக்கு அது எத்தகைய தொகை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எதை வைத்துப் படித்தீர்கள் என்று கேட்டபோது பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று, பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த வழிகாட்டி நூல். மற்றொன்று, ஒரு பயிற்சி மையத்தில் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த, ஸ்பைரல் பைண்டிங் செய்த வினா விடைத் தொகுப்பு. நூலின் அட்டையைப் பார்த்தேன். 200-125 என்று இருந்தது. அந்த எண்ணுள்ள தேர்வு 2020 பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அவர் எழுதியதோ 200-301. "கேள்வி எல்லாம் வேற மாதிரி இருந்துச்சு சார், நான் படிச்ச பாடம் பாதி வரவே இல்ல" என்றார். வராதுதான். தரவு செல்லும் வழியை ரூட்டர்கள் கண்டறியும் முறைகளில் ஒன்றான இஐஜிஆர்பியை அவர் மூன்று வாரம் உருப்போட்டிருந்தார்; அது இன்றைய பாடத்திட்டத்திலேயே இல்லை. நெட்வொர்க் வேலைகளை நிரல் கொண்டு தானாகச் செய்விக்கும், பத்து விழுக்காடு மதிப்பெண் உள்ள தானியக்கப் பகுதியோ அவருடைய நூலில் பெயருக்குத்தான் இருந்தது.

இந்த இளைஞரிடம் அறிவுக்குறையோ உழைப்புக்குறையோ இல்லை. அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை. எனவே முதலில் சொல்ல வேண்டியது இதுவே: நெட்வொர்க்கிங் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குபவர் காசு கொடுத்து எதையும் வாங்கும் முன், தேர்வு நடத்தும் நிறுவனமே இலவசமாக வெளியிடும் பாடத்திட்டத் தாளை இறக்கி அச்செடுத்துக் கொள்ள வேண்டும். சிசிஎன்ஏவுக்கு அது சில பக்கங்களே இருக்கும். அடிப்படைகளுக்கு 20, கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச்சும் வயர்லெஸ்ஸும் அடங்கிய அணுகல் பகுதிக்கு 20, ரூட்டிங் (தரவுக்கு வழிகாட்டுதல்) உள்ளிட்ட ஐபி இணைப்புக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியக்கத்துக்கு 10 என்று விழுக்காட்டோடு அதில் போட்டிருக்கிறார்கள். அதே 200-301 எண்ணுக்குள்ளேயே 2024 ஆகஸ்ட் 20 முதல் 1.1 என்ற பதிப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் நெட்வொர்க் பராமரிப்பில் எங்கே பயன்படுகின்றன என்பது அதில் புதிதாகச் சேர்ந்தது. தானியக்கக் கருவிகளில் பப்பெட்டும் செஃப்பும் போய் டெர்ராஃபார்ம் வந்தது. ஆகவே எண் சரியாக இருந்தால் போதாது, பதிப்பையும் பார்க்க வேண்டும். காம்ப்டியா நிறுவனத்தின் நெட்வொர்க் பிளஸ் தேர்வை எழுதுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே என்10-008 போய் என்10-009 வந்துவிட்டது.

இரண்டாவது பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'டம்ப்ஸ்' என்று பிள்ளைகள் சொல்லும் அந்தத் தொகுப்பு, தேர்வில் வந்த கேள்விகளை யாரோ நினைவில் வைத்து வந்து எழுதியதாகச் சொல்லி விற்கப்படுவது. தேர்வறையில் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியிடமாட்டேன் என்று ஒப்புதல் தந்த பிறகே கணினி முதல் கேள்வியைக் காட்டும். அப்படியிருக்க அவற்றை விற்பது நம்பிக்கைத் துரோகம். அவற்றை வைத்துப் படித்தவரின் தேர்ச்சியை ரத்து செய்யவும், மேற்கொண்டு எழுதவிடாமல் தடுக்கவும் தேர்வு நடத்துவோருக்கு உரிமை உண்டு. இது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குடியாத்தத்து இளைஞரின் தொகுப்பில் பத்துப் பக்கத்தை நான் சரிபார்த்தபோது, நான்கு விடைகள் தவறாகவே இருந்தன. கேள்விக்குக் கீழே 'விடை: சி' என்று மட்டும் இருக்கிறது, ஏன் சி, ஏன் மற்ற மூன்றும் இல்லை என்று ஒரு சொல்லும் கிடையாது. நேர்மையான மாதிரித் தேர்வையும் டம்ப்ஸையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. நல்ல மாதிரித் தேர்வு, தவறான மூன்று விடைகளும் ஏன் தவறு என்பதற்கே அதிக இடம் ஒதுக்கும். 'அசல் கேள்விகள்', 'உறுதியான தேர்ச்சி' என்ற சொற்களைக் கண்டால் பெற்றோர் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

தேர்ச்சி பெற்றுவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்காக என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு தோல் தொழிற்சாலையில் காலை பத்து மணிக்கு நெட்வொர்க் முழுவதும் நின்றுபோனது. பில் போட முடியவில்லை, வருகைப் பதிவு இல்லை, சரக்கு ஏற்றவேண்டிய லாரி வாசலில் காத்துக்கொண்டிருந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த, கையில் சான்றிதழ் உள்ள இளைஞர் ரூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டுவிட்டுச் செய்வதறியாமல் நின்றார். நான் போனபோது ராக்கில் இருந்த ஸ்விட்ச்சுகளின் விளக்குகள் அத்தனையும் ஒரே தாளத்தில் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தாலே லூப், அதாவது தரவு முடிவின்றி வட்டமாகச் சுற்றும் கோளாறு, என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்ததில், பேக்கிங் பிரிவின் கேபிளைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. அங்கே மேசைக்கு அடியில் இருந்த எட்டு போர்ட் சிறு ஸ்விட்ச்சில், தரையைக் கூட்டியவர் கீழே கிடந்த கேபிளின் முனையை நல்லெண்ணத்தோடு எடுத்துச் செருகியிருந்தார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது. ஸ்விட்ச்சுகளில் லூப் வராமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்றால் என்ன என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். வரையறையைப் பிசகில்லாமல் ஒப்பித்தார். அந்த மலிவு ஸ்விட்ச்சில் அது கிடையாது என்பதும், மேலே இருக்கும் ஸ்விட்ச்சில், லூப் வந்த போர்ட்டைத் தானாக மூடிவிடும் பிபிடியூ கார்டு முதலிய பாதுகாப்புகளை எப்படி அமைக்கலாம் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. லூப் எப்படி இருக்கும் என்பதை அவர் அதற்குமுன் கண்ணால் பார்த்ததே இல்லை.

பார்ப்பதற்கு இன்று செலவே கிடையாது என்பதுதான் என் ஆதங்கம். நான் 2005-இல் 640-801 என்ற எண்ணுள்ள தேர்வை எழுதியபோது, சென்னை ரிச்சி தெருவில் அலைந்து பழைய ரூட்டர் ஒன்றும் ஸ்விட்ச் ஒன்றும் வாங்கிக் காட்பாடிக்கு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது கணினித் திரையிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பழக உதவும் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருளைப் பெயர் பதிவு செய்துகொண்ட எவரும் இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். சாதாரணக் கணினியிலும் அது ஓடும். அதில் இரண்டு ஸ்விட்ச்சுகளை வைத்து இரண்டு கேபிளால் இணைத்துப் பாருங்கள். மூன்று முனைகள் பச்சையாகி, ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடும். ஸ்பேனிங் ட்ரீ அடைத்து வைத்திருக்கும் போர்ட் அது. அந்த ஆரஞ்சு போர்ட் உள்ள ஸ்விட்ச்சின் பிரையாரிட்டியை (முன்னுரிமை எண்ணை) 4096 என்று குறைத்துவிட்டால் சற்று நேரத்தில் ஆரஞ்சு விளக்கு மற்ற ஸ்விட்ச்சுக்கு மாறி உட்காரும். என் முன்னறையில் இதைச் செய்து பார்க்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அந்த நொடியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். அதேபோல ரூட்டர்கள் தங்களுக்குள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் என்ற முறை ஓடும் இரண்டு ரூட்டர்களில் ஒன்றில் மட்டும், 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ செய்தியின் இடைவெளியை மாற்றிவிட்டு, 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' என்று அடித்துக்கொண்டே இருந்தால், நாற்பது விநாடிக்குள் பக்கத்து ரூட்டர் பட்டியலிலிருந்து மறைந்துபோகும். இப்படிக் கையால் கெடுத்துக் கையால் சரிசெய்த பாடம் மறக்காது. தேர்விலும் செய்முறைக் கேள்விகள் வருகின்றன. ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பி வர முடியாது. நேரமோ 120 நிமிடம்தான். கட்டளைகளை விரல்கள் பழகியிராதவர் அங்கே திணறுவார்.

ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்குக்கு மென்பொருளும் வேண்டாம், பென்சிலும் கோடு போடாத நோட்டும் போதும். 172.16.45.130 என்ற முகவரியை /27 என்ற பகுப்போடு கொடுத்தால், கடைசி எண்ணில் 32 என்ற தாவலில் 128 தொடக்கம், 159 பிராட்காஸ்ட் (எல்லாக் கணினிக்கும் பொதுவாக அனுப்பும் முகவரி), இடையில் 129 முதல் 158 வரை முப்பது முகவரிகள் என்று அரை நிமிடத்துக்குள் வரவேண்டும். நாளுக்கு இருபது கணக்கு என்று ஒரு மாதம் போட்டால் வந்துவிடும். செயலியில் எண்ணைக் கொடுத்து விடையைப் பார்ப்பவர்களுக்கு வராது.

நூல் ஒன்று போதும். சிஸ்கோ பிரஸ் பதிப்பகம் இரண்டு தொகுதிகளாக வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டியின் புதிய பதிப்பு விலை அதிகம்தான். மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கி முறை வைத்துப் படிப்பதில் தவறில்லை. ஆறு நூல்களை அரைகுறையாகப் புரட்டுவதைவிட ஒரே நூலைப் பாடத்திட்டத் தாளோடு ஒப்பிட்டு வரிவரியாக முடிப்பதே பயன் தரும். காணொளிப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு யோசனை சொல்வேன். பணம் கட்டும் முன் ரூட்டிங் பற்றிய ஒரு பாடத்தை மட்டும் பாருங்கள். ஆசிரியர் எழுதிவைத்த பக்கத்தைப் படித்துக் காட்டுகிறாரா, நம் கண்முன் கட்டளைகளை அடித்து, தவறு வந்தால் அந்தத் தவறையும் நமக்குக் காட்டித் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாமவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படையே புதிது என்பவர்களுக்கு என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. அவை சற்றுக் கனமானவை, ஆனால் பொறுமையுள்ளவர்களுக்கு நல்ல அடித்தளம்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளின் தயக்கத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். சிசிஎன்ஏ தேர்வு தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். அதற்காகத் தமிழில் விளக்கம் கேட்பதைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு கருத்தை முதலில் தமிழில் கேட்டுத் தெளிந்து, அதன் பிறகு ஆங்கில நூலில் அதே பகுதியைப் படித்து, கேள்வி எந்த வாக்கிய அமைப்பில் வருகிறது என்று பழகிக்கொண்டவர்கள் என்னிடம் நன்றாகவே தேறியிருக்கிறார்கள். தமிழ்க் காணொளியோடு நின்றுவிட்டவர்கள்தான் தேர்வறையில் கேள்வி புரியாமல் தடுமாறினார்கள்.

தங்கள் வாயிலாக இரண்டு வேண்டுகோள்கள். வேலூர் மாவட்ட மைய நூலகத்திலும், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நூலகங்களிலும் கணினிப் பகுதியில் காலாவதியான தேர்வு நூல்களைத் தனியே பிரித்து, 'இந்தத் தேர்வு தற்போது நடைமுறையில் இல்லை' என்று அட்டையில் ஒட்டிவைக்க வேண்டும்; நடப்புப் பதிப்பு இரண்டு படிகளாவது வாங்கி, அவற்றை நூலகத்தில் இருந்தே படிக்கும் பிரிவில் வைக்க வேண்டும். அங்குள்ள கணினிகளில் நான்கில் பேக்கெட் டிரேசரை நிறுவிக் கொடுக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் வந்து உழைக்கத் தயார். தாங்கள் இனிச் சான்றிதழ்த் தேர்வுகள் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, தேர்வின் எண், பதிப்பு, அது நடைமுறைக்கு வந்த நாள் ஆகிய மூன்றையும் பெட்டிச் செய்தியாக அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

குடியாத்தத்து இளைஞர் இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறார். அந்தப் பழைய நூலை அவர் தூக்கி எறியவில்லை. பாடத்திட்டத் தாளோடு ஒப்பிட்டு, இன்றும் பொருந்தும் பக்கங்களுக்குப் பச்சை மையாலும் பொருந்தாதவற்றுக்குச் சிவப்பு மையாலும் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார். மறுதேர்வுக்கான பணத்தைச் சேர்த்து முடிக்க அவருக்கு இன்னும் நான்கு மாதம் ஆகும்.

இங்ஙனம்,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர்,
சத்துவாச்சாரி,
வேலூர் – 9.