எண்ணுக்கு வட்டம் போடும் முன்: சிறுநீரக மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறுநீரக மருத்துவர்களுக்கும் டயாலிசிஸ் பிரிவுகளை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். என் அம்மா ஆறு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். மாதம் ஒரு தடவை, ஊசி குத்தியதும் மெஷினோடு இணைப்பதற்கு முன்பு, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பார்கள். அந்த அறிக்கையில் வரும் பாஸ்பரஸ் (உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் ஒரு தாது) அளவு எங்கள் வீட்டை என்ன பாடு படுத்தியது என்பதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு மாதம், டெசிலிட்டருக்கு 7.2 மில்லிகிராம் என்று வந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு இது 2.5 முதல் 4.5 வரை இருக்கும். மருத்துவர் சிவப்புப் பேனாவால் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். “வாயைக் கட்டுங்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அன்று இரவே வாயைக் கட்டினார். பால் போயிற்று, முட்டை போயிற்று, பயறு வகைகளும் போயின. மூன்று மாதத்தில் எடை நான்கு கிலோ குறைந்தது, இரத்தத்திலுள்ள புரதமான அல்புமினும் சரிந்தது. பாஸ்பரஸ் மட்டும் 6.8-ஐ விட்டு இறங்க மறுத்தது. மறுபடியும் வட்டம். “நான் ஒளித்துவைத்து எதுவும் சாப்பிடவில்லை டாக்டர்” என்று அம்மா சொன்னபோது அவருடைய குரல் உடைந்தது. இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் தூங்கும்போது அலமாரி டப்பாக்களைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

விடையைக் கண்டுபிடித்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு செவிலியர். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மாவின் அருகில் உட்கார்ந்து, பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுத்திருந்த மாத்திரையைக் காட்டி, “இந்த மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?” என்று கேட்டார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், மாலை மூன்று மணிக்கு, இரவு படுக்கப் போகும் முன் என்றார் அம்மா. சீட்டில் ‘தினம் மூன்று வேளை’ என்றுதான் எழுதியிருந்தது. அதை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஸ்பேட் பைண்டர் குடலுக்குள் உணவோடு கலந்து, அதிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகும் மருந்து. உணவு இல்லாத நேரத்தில் போட்டால் அது பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அம்மாவுக்குக் கொடுத்தது கால்சியம் கார்பனேட். அதை வெறும் வயிற்றில் போட்டால் பாஸ்பரஸ் குறையாததோடு, கால்சியமும் உடம்பில் சேரும். பின்னர் மணிக்கட்டு வலிக்காக எடுத்த எக்ஸ்-ரேயில், எலும்புக்குப் பக்கத்திலேயே இரத்தக் குழாயும் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. சுண்ணாம்பு படிந்த குழாய். அந்த மாத்திரையால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். நீண்ட காலம் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இது பல காரணங்களால் வரும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மாத்திரையைச் சாப்பாட்டோடு போடத் தொடங்கிய மூன்றாவது மாதம், பால், முட்டை, பயறு எல்லாம் தட்டுக்குத் திரும்பிய பிறகும், அளவு 5.4-க்கு வந்தது.

அந்த எண் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2004-இல் அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 40,538 பேரின் பதிவுகளை வைத்து வெளியான ஆய்வில், பாஸ்பரஸ் 5-ஐத் தாண்டியதும் இறப்பு அபாயம் படிப்படியாக ஏறியது. 9-க்கு மேல் இருந்தவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிகமான பாஸ்பரஸ் இரத்தக் குழாய்ச் சுவரின் தசைச் செல்களை எலும்புச் செல்களைப் போல நடந்துகொள்ள வைக்கிறது என்பதும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டி எலும்பைக் கரைக்கிறது என்பதும் நீங்கள் எழுதியவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டவையே. அதே சமயம், பாஸ்பரஸைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்று எந்தப் பெரிய பரிசோதனையும் இதுவரை நிரூபிக்கவில்லை. தொடர்பு இருக்கிறது, உறுதியான சான்று இன்னும் இல்லை. அப்படியிருக்க, அந்த ஓர் எண்ணை வைத்து ஒருவருடைய நாக்குக்குத் தீர்ப்பு எழுதுவது எப்படி நியாயமாகும்?

கணக்கைப் பாருங்கள். போதுமான புரதம் சாப்பிடுகிற ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் பாஸ்பரஸ் உணவில் வருகிறது. அதில் சுமார் 60 சதவீதம் உடம்பில் சேர்ந்தாலும் வாரத்துக்கு 4,000-ஐத் தாண்டுகிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று வெளியேற்றுவது 800 முதல் 1,000 வரைதான். வாரம் மூன்று முறை செய்தாலும் 3,000-க்கு மேல் போகாது. ஏனென்றால் பாஸ்பரஸின் பெரும்பகுதி செல்களுக்குள்ளும் எலும்பிலும் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ளதை மெஷின் எடுத்துவிடுகிறது. அதன் பிறகு செல்களிலிருந்து கசிந்து வருவதற்காக அது காத்திருக்க வேண்டியிருக்கிறது. மெஷினை நிறுத்திய சில மணி நேரத்தில் இரத்தத்தில் அளவு மறுபடியும் ஏறிவிடுகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காக டயாலிசிஸுக்கு வருகிறவருக்கும் வாரா வாரம் ஆயிரத்துக்குக் குறையாத மில்லிகிராம் மிச்சம் நிற்கிறது. இந்த மிச்சத்தை எங்களுக்கு ஒருவரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் அம்மா தன்னைக் குற்றவாளியாக நினைத்திருக்க மாட்டார். அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் மாத்திரை என்பது எனக்கும் புரிந்திருக்கும். இரவு முழுவதும் நீண்ட நேரம், வாரத்தில் பல நாட்கள் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு பைண்டரே தேவைப்படுவதில்லை என்பது, நேரத்துக்கு இதில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அறிக்கையைப் பார்த்து “நேரத்தைக் கூட்டலாமா?” என்று எங்களிடம் கேட்டவர் யாரும் இல்லை.

பாஸ்பரஸ் குறைந்துவிட்டாலே நல்லது என்றும் ஆகிவிடாது. சாப்பிடாமல் வாடுகிறவருக்கும் அது குறையும், அவருக்கும் ஆபத்துதான். பழைய வரலாறு ஒன்றும் இருக்கிறது. ஒரு காலத்தில் பாஸ்பரஸைப் பிடிக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். எண் அழகாக இறங்கியது. 1970-களில், மெஷினுக்குப் போன தண்ணீரிலிருந்தும் இந்த மருந்திலிருந்தும் சேர்ந்த அலுமினியம் மூளையையும் எலும்பையும் தாக்கியது தெரியவந்தது. எண்ணை மட்டும் துரத்தியதால் நேர்ந்ததை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. பாக்கெட் உணவுகளில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் 90 சதவீதத்துக்கும் மேல் உடம்பில் சேர்ந்துவிடும். பயறுகளிலும் தானியங்களிலும் இருப்பது அந்த அளவுக்குச் சேர்வதில்லை. 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 279 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சேர்க்கைப் பொருள்களை அடையாளம் கண்டு தவிர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுடைய பாஸ்பரஸ் மற்றவர்களைவிட 0.6 மில்லிகிராம் கூடுதலாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லாமல், உட்கார்ந்து பேசியதால் கிடைத்த பலன் இது. அம்மாவை மூன்று மாதம் பட்டினி போட்டு நாங்கள் பெற்றதைவிட இது அதிகம்.

ஆகவே கேட்கிறேன். சீட்டில் ‘தினம் மூன்று வேளை’ என்று எழுதும் கை, ‘சாப்பாட்டோடு’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்து எழுதட்டும். 2017-ஆம் ஆண்டின் உலகளாவிய சிறுநீரக வழிகாட்டுதல், பாஸ்பரஸ், கால்சியம், பி.டி.எச். (பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன்) மூன்றையும் தொடர் அளவுகளாகச் சேர்த்துப் பார்த்தே சிகிச்சையை முடிவு செய்யச் சொல்கிறது. அந்தத் தொடரை ஒரு தாளில், பக்கத்தில் அல்புமினோடு, எங்களுக்கும் கொடுங்கள். ஒரு மாதத்தின் எண் எங்களைப் பயமுறுத்துகிறது. ஆறு மாதத்தின் எண்கள் வரிசையாக இருந்தால் எங்களாலும் யோசிக்க முடியும். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் முன் மாத்திரையின் நேரத்தைக் கேளுங்கள், மெஷினின் நேரத்தைப் பாருங்கள். நான்கு மணி நேரம் நாங்கள் உங்கள் கண்முன்னே தான் இருக்கிறோம். அதில் பத்து நிமிடம் போதும். கேட்க வேண்டியதைக் கட்டிலருகே குனிந்து கேளுங்கள், அறை முழுவதும் கேட்கும்படி வேண்டாம்.

நீங்கள் எத்தனை பேரை ஒரு நாளில் பார்க்கிறீர்கள் என்பதை நாற்காலியில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். உங்கள் களைப்பும் எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை மருத்துவரே கேட்க வேண்டும் என்பதில்லை. ஒரு செவிலியரோ உணவியல் நிபுணரோ டெக்னீசியனோ கேட்டாலும் போதும், யார் கேட்பது என்பது முடிவாகியிருந்தால்.

அம்மா இப்போது மாத்திரையைச் சிறிய டப்பாவில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். வரும் வாரம் அவருக்கு இரத்தப் பரிசோதனை. அறிக்கை வந்ததும், வட்டம் போடுவதற்கு முன், அதை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் ஒரு மகள்