அமெரிக்கால நாஷ்வில்ல இருக்கிற பாப்பாவுக்கு

பாப்பா,

நல்லா இருக்கியா, ஒழுங்கா சாப்பிடுறியா. இங்க எல்லாரும் சௌக்கியம். கொல்லையில முருங்கை மரம் காத்துல சாஞ்சிடுச்சு, வெட்டிப்போட்டாச்சு. கோயம்புத்தூர் அத்தை வந்துட்டு போனா, நீ ஏதோ போராட்டத்துல நிக்கிற ஒரு போட்டோவை போன்ல காட்டினா, அது இருக்கட்டும். அம்மாதான் கொஞ்சம் கவலைப்படறா. நீ வீடியோ கால் கட் பண்ணிட்டு அப்புறம் பேசறேன்பான்னு மெசேஜ் போடற, படிப்பு வேலை இருக்கும்னு எனக்கு புரியுது, அவளுக்கு யார் சொல்றது.

பாஸ்போர்ட், விசா, யுனிவர்சிட்டி குடுத்த அந்த ஐ-20 பேப்பர் எல்லாத்தையும் காப்பி எடுத்து தனியா வெச்சிருக்கியா? எனக்கும் ஒரு ஸ்கேன் அனுப்பி வை.

நீ போன தடவ லாசன்னு ஒருத்தர் பேரு சொன்னல்ல, அதுலேருந்து உங்க ஊர் கதையைத்தான் படிச்சிட்டிருக்கேன். ஜேம்ஸ் லாசன், கொரியா யுத்தத்துக்கு போக மாட்டேன்னு ஜெயில்ல இருந்தவர், அப்புறம் நம்ம நாக்பூர்ல மூணு வருஷம் காலேஜ்ல வேலை பாத்திருக்கார், காந்தி வழியை இங்க இருந்தவங்ககிட்ட கத்துக்கிட்டு போயி உங்க நாஷ்வில்ல சர்ச்சுல உக்காந்து கறுப்பின பிள்ளைங்களுக்கு சொல்லிக்கொடுத்திருக்கார். சும்மா பேச்சு இல்ல பாப்பா, பயிற்சி. ஒருத்தன் திட்டணும், முகத்துல சிகரெட் புகையை ஊதணும், நாற்காலிலேருந்து இழுத்து கீழ தள்ளணும், அடிபடறவன் கையை தூக்கக்கூடாது. இதை மாசக்கணக்கா பழகிட்டுத்தான் 1960 பிப்ரவரில கடைத்தெருவுல வெள்ளைக்காரங்க மட்டும் சாப்பிடற கவுண்டர்ல போய் உக்காந்தாங்க, நல்ல டிரஸ் போட்டுக்கிட்டு, பாடபுஸ்தகத்தை கையில வெச்சுக்கிட்டு. பிப்ரவரி 27 ஆம் தேதி அவங்கள அடிச்சவன விட்டுட்டு அடிவாங்கின பிள்ளைங்க சுமார் 80 பேரை போலீஸ் புடிச்சிட்டு போச்சு. லாசனை அவரு படிச்சிட்டிருந்த வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டியே வெளிய அனுப்பிடுச்சு. அதை படிச்சதுலேருந்துதான் எனக்கு, அதாவது அம்மாவுக்கு, ஒரே யோசனை.

அன்னிக்கு புடிச்சிட்டு போனதுல ஒருத்தர் ஜான் லூயிஸ், 20 வயசு. அலபாமால டிராய் பக்கம் விவசாய குடும்பம், அவங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு, பாத்திரம் தேய்ச்சு படிச்ச பையன். அவங்கம்மா அவருக்கு லெட்டர் போட்டாங்க, படிக்கத்தானே போன, இந்த வம்பையெல்லாம் விட்டுட்டு வெளிய வாடான்னு. நீ லூயிஸ் பேரு எத்தனையோ தடவ சொல்லியிருக்க, அந்தம்மா பத்தி ஒரு தடவகூட சொல்லல. எனக்கு அந்தம்மாவதான் நல்லா தெரியுது. அதுக்கு முன்னாடி 1958ல, வெள்ளைக்காரங்க மட்டும் படிக்கிற டிராய் காலேஜ்ல சேர அவரு கேஸ் போடணும்னு மார்ட்டின் லூதர் கிங் வரைக்கும் போய் பேசிட்டு வந்தார், அப்பா அம்மா கையெழுத்து வேணும், அவங்க போடல. 300 டாலருக்கு வாங்கின 110 ஏக்கர் நிலம், அது போயிடும், வீட்டை கொளுத்திடுவாங்கன்னு பயம். அவங்கள கோழைன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும். பெரியப்பா விஷயத்துக்கு அப்புறம் நம்ம வீட்டுல எப்படி இருந்துச்சுன்னு உனக்கே தெரியும்.

நீ என்ன சொல்லுவன்னும் தெரியும். 1965ல ஓட்டுரிமை ஊர்வலத்துல, செல்மா பாலத்துல போலீஸ் அடிச்சு அதே லூயிஸ் மண்டை உடைஞ்ச வருஷம்தான் ஓட்டுரிமை சட்டம் வந்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல குடியேற்ற சட்டமும் மாறுச்சு. அதுக்கு முன்னாடி அங்க குடியேற இந்தியாவுக்குன்னு வருஷத்துக்கு 100 பேர் கோட்டாதான். மாமா தாத்தா எழுபதுகள்ல அங்க போய் டாக்டரா உக்காந்தது அந்த கதவு திறந்ததாலதான், அவரை பாத்துதான் நீ போன. அந்த ஜனங்களுக்கு நம்ம குடும்பம் கடன்பட்டிருக்குன்னு நீ சொன்னா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். நீ இதையெல்லாம் யோசிக்கிற பொண்ணா வளந்திருக்கன்னு எனக்கு பெருமைதான், அத்தைகிட்டயும் அதைத்தான் சொன்னேன். ஆனா அவங்க அந்த மண்ணுல பொறந்தவங்கடா. உன் கையில இருக்கிறது ஒரு ஸ்டூடண்ட் விசா. படிப்பு பாதில நின்னா? இதை நினைச்சுப் பாத்தியா நீ?

இப்படித்தான் எழுதலாம்னு உக்காந்தேன். அப்புறம் அந்த பிள்ளைங்களுக்காக வாதாடின வக்கீல் லூபி பத்தி படிச்சேன். அவரு அங்க பொறந்தவரே இல்ல, ஆன்டிகுவா தீவுலேருந்து சின்ன வயசுல வந்தவர். 1960 ஏப்ரல் 19 விடியக்காலைல அவரு வீட்டுல டைனமைட் வீசினாங்க, எதிர்ல இருந்த மெடிக்கல் காலேஜ்ல நூத்துக்கும் மேல ஜன்னல் கண்ணாடி நொறுங்குச்சு, அவரும் சம்சாரமும் பின்கட்டுல படுத்திருந்ததால பொழைச்சாங்க. அன்னிக்கே ஆயிரக்கணக்கான பேரு வாயே திறக்காம மேயர் ஆபீஸ் வரைக்கும் நடந்தாங்க. டயான் நாஷ்னு ஒரு பொண்ணு, உன்னைவிட சின்னவ, நிறத்தை பாத்து ஒருத்தரை ஒதுக்கறது தப்பா இல்லையான்னு மேயரை நேருக்கு நேரா கேட்டுட்டா, அவரும் தப்புதான்னு ஒத்துக்கிட்டார். மே 10 ஆம் தேதி அந்த கவுண்டர்ல கறுப்பினத்தவங்க உக்காந்து சாப்பிட்டாங்க. அந்த பொண்ணோட அப்பாவுக்கு அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன்.

அந்த போட்டோல நீ ரொம்ப மெலிஞ்சு தெரியற. சாப்பிடு முதல்ல.

போகாதன்னு நான் எழுதல, பாத்துக்க. தனியா போகாத. கூட்டத்துல யாராவது கல்லை எடுத்தா அந்த நிமிஷமே அங்கேருந்து வந்துடு. வக்கீல் நம்பரை போன்ல மட்டும் வைக்காத, போனை புடுங்கிட்டா என்ன பண்ணுவ, கையில பேனாவால எழுதிக்க. யாரு நீட்டினாலும் படிக்காம கையெழுத்து போடாத. பாஸ்போர்ட் ஸ்கேன் மறக்காத, இன்னிக்கே அனுப்பு. திரும்பி ரூமுக்கு வந்ததும் ஒரு வரி போடு, அம்மா போனுக்கு வேண்டாம், என் நம்பருக்கு.

அந்த பிள்ளைங்களுக்கு 50 டாலர் ஃபைன் போட்டப்ப கட்ட மாட்டோம்னு ஜெயிலுக்கு போனாங்களாம். நீ அப்படி எதுவும் உக்காந்துடாத. எவ்வளவா இருந்தாலும் சொல்லு, அப்பா அனுப்பறேன்.

அப்பா