திகதி மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு,

மலையக நகரக் கடைகளில் காலாவதியான உணவுப்பொருட்கள் கைப்பற்றப்பட்டது பற்றிய தங்கள் செய்தியை வாசித்தேன். சோதனை அவசியம்தான். ஆனால் பொதியில் உள்ள திகதியை எப்படி வாசிப்பது என்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் மொறுமொறுப்பும் குறையாதிருக்கும் காலம். 'யூஸ் பை' என்பது அதன் பிறகு உண்ணவே கூடாத எல்லை. இரண்டுமே பொதியில் சொன்னபடி பொருளை வைத்திருந்தால்தான் செல்லும்.

சென்ற மாதம் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓர் அக்கா, 'பெஸ்ட் பிஃபோர்' திகதி நான்கு நாள் கடந்த பிஸ்கட் பக்கற்றைப் பிரிக்காமலே குப்பையில் போட்டார். அதே கையால் பிள்ளைக்கு யோகட் ஊட்டினார். திகதி இன்னும் இருந்தது, சரி. ஆனால் அது கடையில் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே, வெயில் விழும் மேசையில் அடுக்கியிருந்த யோகட். மூடி உப்பியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரவெல்லாம் பிள்ளைக்கு வாந்தி.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தோட்டங்களுக்கு வரும்போது, கிளினிக் நாளில் அம்மாமாரிடம் நாலைந்து வெற்றுப் பொதிகளைக் கொடுத்துத் தமிழில் விளக்கலாம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் கடைச் சுவரில் தமிழில் ஒட்டச் செய்யலாம்.

வாசகர்,
தலவாக்கலை