இட்டேரியை அளந்து கல் நடுங்கள்

மதிப்பிற்குரிய வருவாய்த்துறை, ஊராட்சி அதிகாரிகளுக்கு வணக்கம்.

கோவையின் விளிம்பில் இட்டேரிகள், அதாவது விளைநிலங்களுக்கு நடுவே இருபுறமும் உயிர்வேலியோடு போகும் மண்தடங்கள், ஒவ்வொன்றாக மறைந்துவருவது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிய மனுக்கள் உங்கள் மேசையில்தான் கிடக்கின்றன. போன வாரம் இன்னொரு இட்டேரியில் நாலைந்து டிப்பர் கட்டட இடிபாட்டைக் கொட்டித் தடத்தையே அடைத்துவிட்டார்கள்.

சித்திரை வெயிலில் அந்தத் தடத்தில் நடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இருபுறமும் கிளுவை வேலி, இடையிடையே வேம்பும் வெள்வேலும். காலை பத்து மணி வரை நிழல் விலகாது. இப்போது நடக்கிறவர்களும் ஆடு ஓட்டுகிறவர்களும் புறவழிச்சாலைக்கு ஏற வேண்டியிருக்கிறது. அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை அடி மண்தான் இருக்கிறது. லாரி உரசிக்கொண்டு போகிறது. குவியல் மேலேயே ஏறிக் கடக்கலாமென்றால் உடைந்த டைல்ஸ் செருப்பைக் கிழிக்கிறது, ஆட்டுக் குளம்பில் கண்ணாடிச் சில்லு ஏறுகிறது. வயசான அம்மாக்கள் எந்த வழியாகப் போவதுங்க?

இட்டேரியை அளந்து கல் நடுங்கள். கேட்பது இதைத்தான்.

பக்கத்துக் காட்டைவிட, அதாவது விளைநிலத்தைவிட, இட்டேரி தாழ்வாக இருப்பதால் கோடை மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் பள்ளத்துக்கும் குளத்துக்கும் போகும். தடத்தை மூடினால் தண்ணீர் காட்டுக்குள் புகுந்து மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று, கோடையில் கிளுவை இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பட்டுப்போச்சு என்று பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிடுகிறார்கள். பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். அந்த வேலிக்குள்தான் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்கின்றன, கௌதாரி முட்டையிடுகிறது. குப்பைக்கு வைக்கும் தீ காய்ந்த புல்லில் பற்றினால் வேலி முழுக்கக் கருகிப்போகும்.

உக்கடம் பெரியகுளக்கரையில் நடைபாதை போடக் கோடிகள் கிடைத்தன. இட்டேரிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. தாரும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். போட்டால் வேலிதான் சாகும். ஊருக்குள் இருக்கிறவர்களுக்குக் குளக்கரை, ஊர் விளிம்பில் இருக்கிறவர்களுக்கு லாரிச்சாலை என்பது என்ன நியாயம்?

கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதை என்றிருக்கும் சர்வே எண்களை எடுத்து, புல வரைபடத்தோடு நில அளவரை அனுப்புங்கள். பழைய படத்தில் அளவு லிங்க் என்ற பழைய நில அளவையில் இருக்கும். 100 லிங்க் 66 அடி. மீட்டர் என்று நினைத்துவிட்டால் கல் இடம் மாறிவிடும். ஆக்கிரமிப்பு இருந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7-ஆம் பிரிவின்படி முதலில் அறிவிப்புக் கொடுங்கள். அதற்குப் பிறகும் விடாவிட்டால் 6-ஆம் பிரிவின்படி அகற்றுங்கள். இடிபாட்டைக் கொட்டியவர்களே அள்ளிக்கொண்டு போகட்டும்.

சொல்வதில் கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழை இறங்குவதற்குள் அளந்து கல் நட்டுத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வேலி அறுந்த இடங்களில் கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் கொம்பு) நடுவதற்கு ஆளும் போத்தும் எங்கள் பொறுப்பு. எல்லைக்கல் இல்லாமல் எந்த இடத்தில் குழி தோண்டுவது என்பதுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
கோவைப் புறநகர் இட்டேரிகளில் நடக்கிறவர்கள்