ஓட்டைகளை அடைக்காமல் இன்சுலேசன் போட்டதால் நனைந்துபோன எங்கள் அட்டிக்: புகார்

கொம்பனிப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். கடந்த ஒக்டோபர் கடைசியில் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலான வெளியில், சூடு வெளியேறாமல் இருக்க இன்சுலேசன் போட்டீர்கள். 2,850 டொலரையும் அன்றே கட்டிவிட்டேன். ஜனவரியிலிருந்து நான்கு தரம் போன் எடுத்தும் இரண்டு மின்னஞ்சல் அனுப்பியும் சரியான பதில் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் ஆள் எங்களுடன் தமிழில்தான் கதைத்தார், வாக்குத் தந்ததும் தமிழில்தான், ஆகவே நானும் தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்களுடையது 1968இல் கட்டிய பங்களோ. அட்டிக்கில் பழைய கண்ணாடிப் பஞ்சு ஒரு நான்கு அங்குலம் கிடந்தது, அவ்வளவுதான். அம்மாவின் அறை குளிரும், காஸ் பில் ஏறும். விலை பேச வந்த தம்பி குசினி மேசையில் இருந்து, செல்லுலோஸ் (கடதாசித் தூள் இன்சுலேசன்) அடித்து, சூட்டைத் தடுக்கும் அளவை ஆர்-60க்கு ஏற்றிவிடுவோம், இனி அம்மாவுக்குக் குளிராது என்றார். நான் அப்போதே கேட்டேன், சீலிங்கில் லைட் ஓட்டை, வயர் போகிற ஓட்டை எல்லாம் இருக்கிறதே, அவற்றை முதலில் அடைப்பீர்களா என்று. "செல்லுலோஸ் நெருக்கமாக விழும் அண்ணா, அதுவே காற்றை மறிச்சுப்போடும்" என்று சொன்னார். அந்த ஒரு பதிலை நம்பினதுதான் நான் விட்ட பிழை. இன்று வந்திருக்கும் சேதம் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அங்கேதான்.

ஜனவரியில் மைனஸ் 18 வரை போன குளிர் நாலைந்து நாள் நீடித்தது. அது விட்டு வெயில் எறித்த அன்று பின்னேரம், அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, லைட்டைச் சுற்றிச் சாப்பாட்டுக் கோப்பை அளவில் மண்ணிறக் கறை. மழை இல்லை. உங்கள் ஒஃபிசுக்கு எடுத்தேன், "கூரை ஒழுகுது, கூரைக்காரனைக் கூப்பிடுங்கோ" என்றார்கள். கூப்பிட்டேன், 250 டொலர் கொடுத்தேன். ஓடுகளில் ஒரு பிழையும் இல்லை, அட்டிக்குக்குள் போய்ப் பாருங்கள் என்றார் அவர்.

அடுத்த முறை குளிர் இறுகியபோது ஏணி வைத்து நானே ஏறினேன். மூடியைத் தள்ளியதும் முகத்தில் அடித்தது நனைந்த கடதாசி மணம். டோர்ச்சை மேலே பிடித்தால், கூரைப் பலகைக்குள்ளால் வந்து நிற்கும் ஆணிகள் ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாகப் பனி, உளுந்தளவில், நூற்றுக்கணக்கில். வடக்குப் பக்கப் பலகை முழுவதும் பனி ஒரு தோல் மாதிரிப் படர்ந்திருந்தது. விரலால் சுரண்டினேன், அடியில் பலகை கறுத்திருந்தது. பூஞ்சணம். செல்லுலோசின் மேற்பரப்பில் சொட்டு விழுந்து விழுந்து சின்னச் சின்னக் குழிகள், கையை விட்டால் ஈரம். குளியலறைக்கு மேலே வந்தபோது ஒரு இடத்தில் மட்டும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, கீழே மகன் குளித்துக்கொண்டிருந்தான். பஞ்சை விலக்கிப் பார்த்தால் குளியலறை ஃபானிலிருந்து கூரைக்குப் போக வேண்டிய வெள்ளிக் குழாய் கழன்று, வாய் திறந்தபடி செல்லுலோசுக்குள் புதைந்து கிடக்கிறது. வேலைக்கு முன் நான் எடுத்த படத்தில் அது கூரைக் குழாயோடு பூட்டியபடிதான் இருக்கிறது. ஆக, உங்கள் ஆட்கள் செல்லுலோஸ் அடிக்கும் ஹோஸை இழுக்கும்போது தட்டி விழுத்தியிருக்கிறார்கள், அப்படியே மூடியும் விட்டார்கள்.

இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்த ஒரே பதில்: "உங்கட சமையல் ஆவிதான் காரணம், டீஹியூமிடிஃபையர் வாங்குங்கோ." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இதே வீட்டில் 12 வருசமாகப் புட்டும் இடியப்பமும் அவிக்கிறோம், ஒரு சொட்டுக் கறை வந்ததில்லை. வீட்டுக்குள் ஈரப்பதமானி வைத்திருக்கிறேன், அந்தக் கிழமை முழுவதும் 36க்கும் 40க்கும் இடையில்தான் நின்றது. 21 பாகை வெப்பத்தில் 40 வீத ஈரப்பதம் உள்ள காற்று ஏறத்தாழ 7 பாகைக்குக் குளிர்ந்தாலே நீரை விடத் தொடங்கும். அட்டிக்கில் அப்போது இருந்ததோ மைனஸ் பத்துக்கும் கீழே. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வீட்டுக்குள் ஆவி ஏன் இருக்கிறது என்பதல்ல, அது எப்படி அட்டிக்குக்குப் போனது என்பதுதான்.

போன மாதம், வீட்டின் காற்றுக் கசிவைச் சோதிக்கும் எனர்ஜி அட்வைசர் ஒருவரைச் சொந்தச் செலவில் வரவழைத்தேன். வாசல் கதவில் பெரிய ஃபானைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, உள்ளுக்கும் வெளியுக்கும் 50 பாஸ்கல் வித்தியாசம் வரச் செய்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனார். அம்மாவின் லைட்டுக்குக் கீழே கையை நீட்டச் சொன்னார், ஃபிரிஜ்ஜைத் திறந்தது போல அட்டிக் காற்று உள்ளங்கையில் இறங்கியது. அட்டிக் மூடியைச் சுற்றியும் அதே கதை: ரப்பர் பட்டையும் இல்லை, மூடியின் முதுகில் இன்சுலேசனும் இல்லை. குளியலறைக் கழிவுக் குழாய் மேலே போகிற இடத்தில் இரண்டு விரல் போகும் இடைவெளி. அந்த அழுத்தத்தில் மணிக்கு 9.4 தரம் வீட்டுக் காற்று மாறுகிறது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். கனடாவின் ஆர்-2000 என்ற சக்திச் சிக்கனத் தர வீடுகளுக்கு இதே சோதனையில் எல்லை 1.5தான். பழைய வீட்டை அந்த அளவுக்குக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை, ஆனால் சீலிங்கில் ஒரு ஓட்டைகூட அடைபடவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தம்பிக்கு இது தெரிந்திருந்தால் அந்த வாக்கைக் கொடுத்திருக்க மாட்டார். செல்லுலோஸ் சூட்டைத் தடுக்கும், சும்மா தூவின செல்லுலோஸ் காற்றை நிறுத்தாது. குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறி, கிடைத்த ஓட்டையால் அட்டிக்குக்குள் போகும், ஆவியையும் கூடவே கொண்டுபோகும். கட்டடத்துறையில் அடிக்கடி சொல்லும் ஒரு கணக்கு உண்டு: 4க்கு 8 அடி ஜிப்சம் பலகையை ஊடுருவி ஒரு குளிர்காலத்தில் போகும் நீர் அரை லிட்டர்கூட இல்லை, அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை போட்டால் காற்றோடு போவது கிட்டத்தட்ட 28 லிட்டர். எங்கள் சீலிங்கில் ஒரு அங்குலமா இருக்கிறது? முன்பும் இந்த ஓட்டைகள் இருந்தனதான், ஆனால் அப்போது பஞ்சு மெல்லிசு, வீட்டுச் சூடு கசிந்து கூரைப் பலகையை ஓரளவு சூடாக வைத்திருந்தது, கூரை விளிம்பின் அடியில் உள்ள சொஃபிட் துவாரங்களால் வந்த வெளிக்காற்று ஈரத்தை எடுத்துக்கொண்டு போனது. நீங்கள் சூட்டைக் கீழேயே மறித்துவிட்டீர்கள், பலகை வெளியே உள்ள அதே குளிருக்கு இறங்கிவிட்டது, ஆவி மட்டும் பழையபடி ஏறுகிறது. போதாததற்கு, கூரை விளிம்பில் காற்றுக்கு வழிவிடும் பாஃபிள் தட்டு வைக்காமல் அடித்ததால் சொஃபிட் முழுக்க அடைபட்டு, ஏறின ஈரம் காயவும் வழியில்லை. அம்மாவின் அறை முன்பைவிடக் கொஞ்சம் சூடு, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சூட்டுக்கு விலையாகக் கூரை உக்குவதை ஏற்க முடியாது.

இன்னும் இரண்டு விசயம். ஒப்பந்தத்தில் ஆர்-60 என்றுதான் இருக்கிறது. மூடிக்குப் பக்கத்தில் 17 அங்குலம், சரி. விளிம்புப் பக்கமும் மூலைகளும் வெறும் 10. அங்குலத்துக்கு ஆர்-3.5 என்று வைத்தாலும் அது 35தான். எத்தனை அங்குலம் அடித்தது என்று காட்டும் அளவுகோல் அட்டை ஒன்றுகூட நட்டுவைக்கவில்லை. மற்றது, நடையில் சீலிங்குக்குள் பதித்திருக்கும் இரண்டு பழைய பொட் லைட்டுகள் இன்சுலேசன் தொடக்கூடாத வகை, உள்ளே லேபலிலேயே எழுதியிருக்கிறது. அவற்றின் மேலும் கொட்டி மூடிவிட்டீர்கள். சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று அட்வைசர் சொன்னதிலிருந்து அந்த லைட்டுகளை நாங்கள் போடுவதே இல்லை, அம்மா இரவில் டோர்ச்சோடு குளியலறைக்குப் போகிறார். 76 வயது.

நான் கேட்பது இதுதான். நனைந்த செல்லுலோசை உறிஞ்சி எடுங்கள், பலகையில் உள்ள பூஞ்சணத்தை அதற்குரிய ஆளை வைத்துச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் முதலில் ஓட்டைகள்: லைட், வயர், கழிவுக் குழாய், மூடி எல்லாவற்றையும் அடையுங்கள், பொட் லைட்டுகளை மாற்றுங்கள். ஃபான் குழாயை இன்சுலேசன் சுற்றிய குழாயாகக் கூரைக்கு வெளியே கொண்டுபோய்ப் பூட்டுங்கள், சொஃபிட்டுக்குப் பாஃபிள் வையுங்கள். இதெல்லாம் முடிந்து நான் ஏறிப் பார்த்த பிறகுதான் மேலே புதிதாக அடிக்கலாம். அல்லது 2,850 டொலரையும், கூரைக்காரருக்கும் அட்வைசருக்கும் நான் கட்டியதையும், அகற்றுகிற செலவையும் தாருங்கள், வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன். டீஹியூமிடிஃபையர் வாங்கச் சொல்லி இன்னொரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.

இன்றிலிருந்து 14 நாள் தருகிறேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடுவேன், ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டிலும் வழக்குப் போடுவேன். ஒப்பந்தப் பிரதி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், அட்வைசரின் அறிக்கை, கூரைக்காரரின் ரசீது நான்கையும் இணைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதானால் சனிக்கிழமை காலை பத்துக்குப் பிறகு வீட்டில் நிற்பேன். அம்மாவின் கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டோம், ஏணி அவரது அறையிலேயே நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்