ஓரேர் உழவனின் பரபரப்பு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. அவர் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. இங்கே எல்லாரும் சுகம். மழை பிந்தித்தான் பெய்தது. பெய்த மறுநாளிலிருந்து ஊரே காட்டில் கிடக்கிறது.

மகள் அணி இலக்கணத்தோடு மல்லுக்கட்டுகிறாள் என்று எழுதியிருந்தாய். ‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று உருப்போடுகிறாளாம். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் ‘போல’வையே தேடுகிற கண்ணுக்குப் பாட்டு தட்டுப்படாதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இலக்கணத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அவளுக்குச் சில புலவர்களின் பெயரைச் சொல். ஓரேருழவர், கல்பொரு சிறுநுரையார், செம்புலப் பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பெற்றவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டு தப்பிப் பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை. அதனால் பாட்டில் இருந்த உவமையே அவர்களுக்குப் பெயராகிவிட்டது.

குறுந்தொகையில் 131ஆம் பாட்டை எடுத்துக்கொள். பிரிந்து போனவன் காரியம் முடிந்து திரும்புகிறான். அவள் ஊரோ வெகு தொலைவு. தன் நெஞ்சு படும் பாட்டை ‘ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து ஓரேர் உழவன் போல’ என்கிறான். மானாவாரிக் காட்டில் மழைக்குப் பிறகு மண் பதமாக இருப்பது சில நாள்தான். அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். நாலு ஏர் உள்ளவன் நிதானமாக இருப்பான். ஒரே ஏர் உள்ளவன் வெயில் ஏற ஏற மண்ணைப் பார்ப்பான், இன்னும் உழாத நிலத்தைப் பார்ப்பான், மாட்டைப் பார்ப்பான். மாட்டை விரட்டவும் மனசு வராது, இருப்பது அந்த ஒரு சோடிதானே. இப்போது எங்கள் தெருவில் டிராக்டருக்கு முறைபோட்டுக் காத்திருக்கிறவர்கள் முகத்தில் அதே பரபரப்பைப் பார்க்கிறேன்.

‘துடிக்கிறேன்’ என்று அவன் சொல்லியிருந்தால் அவசரம் மட்டும்தான் தெரிந்திருக்கும். உழவனைச் சொன்னதால் வேலை பெரிது, நேரம் குறைவு, உதவிக்கு ஆள் இல்லை, பதம் தவறினால் அந்த வருசமே போச்சு என்பதெல்லாம் சேர்ந்து வந்துவிடுகிறது. வினை, பயன், மெய், உரு என்று உவமை பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம். செயலா, அதனால் விளையும் பயனா, வடிவமா, நிறமா, இங்கே எது ஒத்திருக்கிறது என்று உவமை வரும்போதெல்லாம் மகளிடம் கேள். அணியின் பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

உருவகத்துக்குப் பத்தாம் குறளே போதும். பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர் இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டுவிட்டார். அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அதனால்தான் அது ஏகதேச உருவகம். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது பிறிதுமொழிதல். வண்டியை மட்டும் சொல்லி நிறுத்தினாலும், வலியறிதல் அதிகாரத்தில் வருவதால் தன் பலத்துக்கு மீறி இறங்குகிறவனைச் சொல்கிறார் என்று விளங்கிவிடும்.

தானாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்கிற தற்குறிப்பேற்றம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. ‘வாராதே’ என்று கைகாட்டி மறிப்பதுபோல் ஆடின என்கிறார் இளங்கோ. ஆட்டியது காற்று. வரப்போவதை அறிந்த கவிஞரின் பதைப்பு அந்தக் கொடியில் ஏறிவிட்டது. எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு வயிறு கலங்கும்.

இனிச் சொல்வது உனக்கு. மகளுக்கு இன்னும் இரண்டு வருசம் போகட்டும். குறுந்தொகை எட்டாம் பாட்டில், மனைவியை விட்டுத் தலைவன் நாடிப்போகிற பரத்தை பேசுகிறாள். வயலோர மாமரத்தில் பழுத்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிற ஊர்க்காரன் அவன் என்கிறாள். மீன் மரமேறிப் பறிக்கவில்லை, பழம் தானாக விழுந்தது. ‘நான் அவனை இழுக்கவில்லை’ என்று வழக்காடிவிட்டாள் பார்! ‘போல’ இல்லை, ஒப்பிடுகிறோம் என்ற அடையாளமே இல்லை. இதுதான் உள்ளுறை. அதே பாட்டின் கடைசியில், வீட்டில் அவன் மகனைப் பெற்றவளுக்கு முன்னால் கையையும் காலையும் தூக்கத் தூக்கும் ‘ஆடிப்பாவை போல’, அதாவது கண்ணாடியில் தெரிகிற உருவம் போல, ஆடுவான் என்று உவமையும் வருகிறது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இந்த ஆடிப்பாவைக்கு அடிக்கோடிடும், மீனைத் தாண்டிப் போய்விடும்.

தை பிறந்ததும் வருகிறேன். வரும்போது உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை உரையின் மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறதே, அதைக் கொண்டுவருகிறேன். அதுவரை எந்தெந்தக் குறளில் மகள் தடுமாறுகிறாள் என்று எழுதச் சொல், ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சரோஜா